கதிர்ப்பு: 'ரேடியேஷன்' என்ற சொல்லைப் பற்றி

என் தங்கச்சிக்கு இது ஏழாம் மாதம். உப்புவெளி வீட்டு விறாந்தையில் இருந்து போன் கதைக்கும்போது இடக்கையைக் குடைபோல விரித்து வயிற்றை மூடிக்கொள்வாள். எக்ஸ்ரே அறைக் கதவில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையைப் பார்த்த பிறகு வந்த பயம். "அக்கா, போன் ரேடியேஷனும் பிள்ளைக்குப் படுமோ?" என்று கேட்டாள்.

ரேடியேஷனின் வேர் 'ரேடியஸ்' என்ற லத்தீன் சொல். வண்டிச் சில்லின் ஆரக்காலுக்கும் ஒளிக்கதிருக்கும் அதுவே பெயர். நடுவிலிருந்து நாலாபுறமும் போகும் ஆரக்கால்களை நினைத்தால் சொல் விளங்கிவிடும். நம் பள்ளிக் கணிதத்தின் 'ஆரை'யிலும் இருப்பது அந்தப் படம்தான்.

தமிழில் கதிர் இன்னும் அழகு. தம்பலகாமத்து வயலில் முற்றித் தலைசாய்வதும் கதிர், விடியற்காலை கடலுக்கு மேலே விரிவதும் கதிர். அதோடு 'வீச்சு' சேர்ந்து கதிர்வீச்சு பரவலாகிவிட்டது. வாள்வீச்சு கேட்டுப் பழகிய காதுக்கு அது தாக்க வருவது போல இருக்கிறது. எங்கள் இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'கதிர்ப்பு' எனக்குப் பிடித்த சொல். கதிராய்ப் பரவுதல், அவ்வளவுதான். 'கதிர்த்தொழிற்பாடு' வேறு, அது யுரேனியம் போன்றவற்றின் அணுக்கரு தானாகச் சிதைவது. போனில் அது இல்லை.

தங்கச்சியின் கேள்விக்கு விடை இருப்பது அடைமொழியில். எக்ஸ்ரே அயனாக்கும் கதிர்ப்பு. அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும், டிஎன்ஏயைச் சேதப்படுத்தும். போனின் ரேடியோ அலை அயனாக்காத கதிர்ப்பு. அதற்கு அந்த வலு கிடையாது. உறுதியாகத் தெரிந்த விளைவு, திசுவைச் சற்றுச் சூடாக்குவது.

சரி, பிறகு ஏன் பேச்சு ஓயவில்லை? 2011இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளை '2பி' பிரிவில், 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்று வைத்தது. அது மூளைக் கட்டிகள் பற்றிய மட்டுப்பட்ட சான்றை வைத்துச் சொன்னது, கருவைப் பற்றியதல்ல. 2017இல் ஐந்து நாட்டுத் தாய்மாரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், கர்ப்பகாலத்தில் அதிகம் போன் கதைத்தவர்களின் பிள்ளைகளிடம் மிகைத் துறுதுறுப்புச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. காரணம் கதிர்ப்பா, வீட்டுச் சூழலா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போனை உடம்பிலிருந்து தள்ளி வைத்தால் உடம்பில் படும் கதிர்ப்பு விரைவாகக் குறையும். கவரேஜ் குறைந்த இடத்தில் போன் கூடுதல் வலுவோடு அலை அனுப்பும், அங்கே நீளக் கதைக்காமல் விடலாம்.

தங்கச்சி இப்போது போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் கதைக்கிறாள். கை மட்டும் இன்னும் வயிற்றில்தான். பிள்ளை உதைக்கிறதாம்.