இடைச்செருகலா, பிணைப்பா? இதயத்தசையில் ஒரு சொல்

இதயத்தசையை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது, நெடுக்காக ஓடிக் கிளை பிரிந்து பக்கத்து இழையோடு மீண்டும் சேர்ந்துகொள்ளும் தசையிழைகள். அவ்விழைகளின் குறுக்கே எலும்புத்தசையில் இருப்பது போன்ற மெல்லிய வரிகள் சீரான இடைவெளியில் அமைந்திருக்கும். இன்னும் சற்றுக் கூர்ந்து பார்த்தால், அந்த வரிகளைவிடத் தடித்த, நிறம் ஆழ்ந்த கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பல இடங்களில் படிக்கட்டுப் போல ஏறி இறங்கிச் செல்வதைக் காணலாம். எலும்புத்தசையில் இவை கிடையா. இவற்றுக்கு மருத்துவ உலகில் வழங்கும் பெயர் இன்டர்கலேட்டட் டிஸ்க். சேலத்தில் மருத்துவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக உடலியங்கியல் கற்பித்து வரும் எனக்கு, இந்தப் பெயரும் அதைத் தமிழில் நாம் பெயர்க்கும் விதமும் நீண்ட நாள் உறுத்தலாகவே இருந்து வருகின்றன.

பெயரின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ‘இன்டர்’ என்றால் இடையே. ‘கலாரே’ என்றால் கூவி அறிவித்தல். பண்டைய உரோமில் மாதப் பிறப்பைக் கூவி அறிவிப்பது வழக்கமாதலால் மாதத்தின் முதல் நாளுக்குக் ‘கலண்டே’ என்று பெயர் வந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரும் அந்த வேரில் முளைத்த சொல்தான். சந்திரனை ஒட்டிய ஆண்டுக் கணக்கு பருவங்களோடு பிசகியபோதெல்லாம், பிப்ரவரியை ஒட்டி ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து அறிவித்தார்கள். அவ்வாறு அறிவித்துச் சேர்ப்பதே ‘இன்டர்கலாரே’. சேலத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களின் பஞ்சாங்கத்தில் வரும் ‘அதிக மாசம்’ இதே வகையைச் சேர்ந்தது. சூரியனின் போக்கையே கணக்காகக் கொண்ட தமிழ் ஆண்டுக்கு இந்தச் செருகல் தேவைப்படவில்லை.

ஆக, இன்டர்கலேட்டட் என்பதன் நேர்ப்பொருள் ‘இடையில் செருகப்பட்டது’. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இடைச்செருகு தட்டு’ கிடைக்கும். இங்கேதான் சிக்கல் எழுகிறது. தமிழில் இடைச்செருகல் என்பது ஏற்கெனவே பொருள் கனத்த சொல். மூல ஆசிரியர் எழுதாததைப் பிற்காலத்தவர் ஏட்டில் நுழைத்துவிட்டார் என்று பதிப்பாசிரியர்கள் ஒதுக்கிவைக்கும் பாட்டுக்குப் பெயர் இடைச்செருகல். அது அயலானது, நீக்கத்தக்கது என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு கூடவே வருகிறது. ஒருமுறை இந்தப் பாடத்தைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “சார், இடைச்செருகல்னா அப்புறமா யாரோ சேர்த்ததுதானே? அப்ப பொறக்கும்போது இது இருக்காதா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கான விடையைப் பின்னால் சொல்கிறேன்.

பெயர் வைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒளி நுண்ணோக்கி மட்டுமே இருந்த 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கண்டது, முடிவின்றி ஓடும் இழைக்குள் எதுவோ ஒன்று குறுக்கே செருகியிருப்பது போன்ற தோற்றத்தைத்தான். இதயத்தசை முழுவதும் எல்லைச் சுவரே இல்லாத ஒற்றைப் பெருந்திரள் என்று வெகுகாலம் பலர் நம்பினார்கள். ஓரிடத்தில் தோன்றும் தூண்டல் இதயம் முழுவதும் பரவுவதற்கு அதுவே எளிய விளக்கமாக இருந்தது. 1954-இல் சோஸ்ட்ராண்ட், ஆண்டர்சன் என்னும் ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்தபோது, அந்தக் கோடு ஒவ்வொன்றும் இரண்டு உயிரணுக்களின் சவ்வுகள் முட்டிக்கொள்ளும் எல்லை என்பது தெளிவாயிற்று. இடையில் எதுவும் செருகப்படவில்லை. ஓர் உயிரணு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அது. எனவே பெயரின் முதற்பாதி ஒரு பழைய காட்சிப் பிழையின் எச்சம். அந்தப் பிழையைத் தமிழுக்கும் பெயர்த்துக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

அப்படியானால் எந்தச் சொல்? மூங்கிலையும் கரும்பையும் நினைத்துக் ‘கணு’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முடிச்சுக்கு அந்தச் சொல்லை முன்பே கொடுத்துவிட்டோம். அதோடு மூங்கிலின் கணு உட்குழலை அடைத்துவிடுகிறது. நாம் பேசும் எல்லையோ அடைப்பதில்லை, கடத்துகிறது.

எனக்கு விடை சேலம் அம்மாப்பேட்டையில், என் தாத்தாவின் தறியில் கிடைத்தது. தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கு இழைகளின் தொகுதி, நெய்து தீரும் தறுவாயில் அதை முழுதும் அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். இழைகளை ஏற்றி இறக்கும் விழுதிலும், சீப்புப் போன்ற அச்சிலும் கோத்திருக்கும் பழைய இழைகளின் முனைகளை விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். பாட்டி தரையில் அமர்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையையும் புதிய இழையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு முறுக்கு முறுக்குவார். முடிச்சு விழாது, முடிச்சு விழுந்தால் அச்சின் பல்லிடுக்கில் சிக்கிக்கொள்ளும். பாவில் இருக்கும் ஆயிரக்கணக்கான இழைகளுக்கும் இப்படியே. இதற்குப் பெயர் பாவு பிணைத்தல். இழை இரண்டாகவே இருக்கிறது. ஆனால் இழுவிசை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றிப் போகிறது. இதயத்தசையின் எல்லைக்கோடு செய்வதும் இதைத்தான் என்பதால் அதைப் ‘பிணைத்தட்டு’ என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை.

பிணைத்தட்டின் படிக்கட்டு வடிவத்துக்குப் பொருள் உண்டு. இழைக்குக் குறுக்காக அமைந்த பகுதிகள் சுருங்கும்போது எழும் இழுவிசையைத் தாங்குபவை. இழைக்கு இணையாக ஓடும் பகுதிகளில் பெரும்பாலும் மின்னோட்டத்துக்கான நுண்குழாய்கள் திரண்டிருக்கின்றன. இழுவிசை நேராகத் தாக்காத இடத்தில் அவை ஒதுங்கி இருப்பது வியக்கத்தக்க ஏற்பாடு. இவற்றை ஆங்கிலத்தில் கேப் ஜங்ஷன் என்கிறார்கள். ‘இடைவெளிச் சந்தி’ என்று பெயர்த்தால் வேலைக்கு நேர்மாறான பொருள் வந்துவிடும் என்பதால் நான் ‘துளைப்பிணை’ என்று எழுதுகிறேன். கனெக்சின் என்னும் புரதத்தின் ஆறு மூலக்கூறுகள் வட்டமாகக் கூடி ஓர் உயிரணுவின் சவ்வில் அரைக்குழாய் ஆகின்றன. எதிர்ச் சவ்விலும் அதேபோல் ஆறு கூடி, இரண்டும் வாயோடு வாய் பொருந்தினால் முழுக்குழாய். இதயத்தின் கீழறைத் தசையில் மிகுதியாக இருப்பது கனெக்சின் 43. அந்த எண் அதன் மூலக்கூற்று எடையை கிலோடால்டன் என்னும் அலகில் குறிப்பது.

ஓய்வில் இருக்கும் கீழறைத் தசையணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 90 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை கொண்டது. ஓர் உயிரணு கிளர்ச்சியுற்றுச் சோடியம் அயனிகள் உள்ளே பாயும்போது, அந்த நேர்மின்னூட்டத்தின் ஒரு பகுதி துளைப்பிணை வழியே அடுத்த அணுவுக்குள் கசிந்து அதையும் கிளர்ச்சிக்கான வாசலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. நரம்பு தசையோடு பேசுவதற்கு ஒரு வேதிப்பொருள் தூது போக வேண்டும். இங்கே தூது வேண்டியதில்லை. பிணைத்தட்டுகள் அணுக்களின் முனைகளில் திரண்டிருப்பதால் தூண்டல் இழையின் நெடுக்கில் விரைந்தும் குறுக்கில் இரண்டு மூன்று மடங்கு மெதுவாகவும் பரவுகிறது. கீழறைத் தசையில் நொடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும் இந்த அலை, பருத்த அணுக்களும் நிறைந்த துளைப்பிணைகளும் கொண்டு, தூண்டலைக் கீழறைகளுக்குக் கடத்தும் புர்க்கின்ஜி இழைகளில் 2 முதல் 4 மீட்டர் வரை விரைகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட கணுவில் துளைப்பிணைகள் குறைவு. அங்கே வேகம் சுமார் 0.05 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. மேலறைகள் தம் குருதியைத் தள்ளி முடிக்கும் வரை கீழறைகள் காத்திருப்பதற்கு இந்தத் தாமதம் இன்றியமையாதது.

பிணை இருந்தால் ஒன்றின் அழிவு மற்றொன்றுக்கும் பரவிவிடாதா என்று கேட்கலாம். பரவுவதில்லை. ஓர் அணு சேதமுற்று அதனுள் கால்சியம் பெருகினாலோ அமிலத்தன்மை ஏறினாலோ அந்தப் பக்கத்துத் துளைப்பிணைகள் மூடிக்கொள்கின்றன. சேர்ந்து வாழும் இதய அணுக்கள் தனித்தனியே இறக்கின்றன என்பதை ஏங்கல்மன் என்னும் ஜெர்மானிய உடலியங்கியலார் 1870-களிலேயே கண்டுகொண்டார். மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிவிட்டால் அங்கே பிணைத்தட்டுகள் இருப்பதில்லை. தூண்டலின் மின் அலை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக, சிலருக்கு அந்தச் சுற்றே முடிவில்லாமல் சுழன்று உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறாக மாறுகிறது.

இழுவிசை தாங்கும் பகுதியில் ஒரு சொல் தானாகவே வந்து பொருந்துகிறது. அங்கே அணுக்களை ஒன்றோடொன்று இறுகப் பற்றவைக்கும் அமைப்புக்கு டெஸ்மோசோம் என்று பெயர். அதில் வரும் ‘டெஸ்மோஸ்’ கிரேக்கத்தில் கட்டு, விலங்கு என்று பொருள்படும். தமிழில் அதற்கு நேரான சொல் தளை. யாப்பில் நின்ற சீரின் ஈறும் வரும் சீரின் முதலும் கூடுமிடத்துக்குத் தளை என்றே பெயர். தளை தட்டினால் செய்யுள் குலைகிறது. இதயத்திலும் தளை தட்டுவது உண்டு. கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவில் கண்டறியப்பட்ட ஒரு பரம்பரை நோயில், இத்தளையின் புரதம் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருக்கிறது. அதே தளை தோலிலும் இருப்பதால், அந்நோயுள்ளவர்க்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, தலைமுடி கம்பளி போல் சுருண்டு, பின்னர் வலக் கீழறைத் தசை நைந்து கொழுப்பாகவும் நாராகவும் மாறுகிறது.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பிறந்த குழந்தையின் இதயத்திலும் துளைப்பிணைகளும் தளைகளும் உண்டு. ஆனால் அவை அணுவின் பக்கங்களெங்கும் சிதறிக் கிடக்கின்றன. குழந்தை வளர வளர, சில ஆண்டுகளில் அவை மெல்ல மெல்ல முனைகளில் திரண்டு, நாம் நுண்ணோக்கியில் காணும் தட்டுகளாக உருப்பெறுகின்றன. வெளியிலிருந்து யாரும் செருகவில்லை. ஏற்கெனவே இருந்தவை இடம் பெயர்ந்து கூடின.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிணை என்பதை வினையடியாகக் கொண்டால் வினைத்தொகையாகிப் ‘பிணைதட்டு’ என்று ஒற்று மிகாமல் வரும். இங்கே பிணை என்பது பிணைப்பு என்னும் பெயர். பிணையாகிய தட்டு என்றே விரியும். ஆகவே ‘பிணைத்தட்டு’ என்று தகர ஒற்று இட்டே எழுதுக.