ஃபிளாக்‌ஷிப் போன் – தலைமைக் கைபேசி

ஃபிளாக்‌ஷிப் போன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது விலைதான். ஒரு நிறுவனத்திடம் இருப்பதில் எது விலை கூடியதோ அதற்கு இந்தப் பெயரை வைத்துவிடுகிறோம். ஆனால் சொல் பிறந்தது கடலில், போர்க்கப்பல்களுக்கு நடுவில்.

ஃபிளாக் என்றால் கொடி, ஷிப் என்றால் கப்பல். கப்பல்கள் படையாகச் செல்லும்போது தளபதி எதில் இருக்கிறாரோ, அதில் அவருக்குரிய கொடி பறக்கும். 1805இல் நடந்த டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் இருந்த விக்டரி அப்படியொரு கப்பல். வானொலி இல்லாத காலம். அங்கே ஏற்றப்படும் கொடிகளைப் பார்த்துத்தான் மற்றக் கப்பல்கள் கட்டளையைத் தெரிந்துகொள்ளும். தளபதி வேறு கப்பலுக்கு மாறினால் கொடியும் அந்தப் பெயரும் அவரோடு போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. போனுக்கும் அப்படியே பொருந்துகிறது: ஒரு நிறுவனம் தன் போன்களுக்கெல்லாம் முன்னால் நிறுத்தும் சிறந்த போனுக்கே இந்தப் பெயர்; அந்த இடத்துக்குப் புதிய போன் வந்தால் பெயரும் அதற்குப் போய்விடும்.

சாம்சங் 2010இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்ஸைப் பாருங்கள். 4 அங்குல சூப்பர் அமோலெட் திரை, 1 கிகாஹெர்ட்ஸ் செயலி, 5 மெகாபிக்சல் கேமரா. இன்று இவை சின்ன எண்கள்தான். அப்புறம் 2011இல் எஸ் 2, 2012இல் எஸ் 3 என்று கொடி ஆண்டுதோறும் புதிய போனுக்கு மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரை, காலப்போக்கில் நடுத்தர விலைப் போன்களுக்கும் இறங்கி வந்தது. முன்னால் போகும் ஒன்றைப் பார்த்து மற்றவை திரும்புகின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? கப்பலுக்குக் 'கொடிக்கப்பல்' அழகான சொல். போனுக்குக் 'கொடிக் கைபேசி' என்றால் யாருக்கும் விளங்காது. 'முதன்மைக் கைபேசி' என்று எழுதுகிறார்கள். இரண்டு போன் வைத்திருப்பவர் அதிகம் பயன்படுத்தும் போன் என்றும் அதற்குப் பொருள் வந்துவிடுகிறது. 'உயர்விலைக் கைபேசி' தவறு. நான் 'தலைமைக் கைபேசி' என்பேன். தலைமை ஆசிரியர், தலைமை அலுவலகம் என்று பழகிய சொல். தலைமை என்றாலே பின்னால் ஒரு கூட்டம் இருப்பதும் புரிந்துவிடும். 'கேலக்ஸி எஸ், 2010இல் சாம்சங்கின் தலைமைக் கைபேசி' என்று எழுதினால் தனியாக விளக்க வேண்டியிருக்காது.