புயல், வெள்ள நிவாரணம்: உங்கள் வீட்டைக் கணக்கெடுப்பில் எப்படி எழுதுகிறார்கள்?

புயலோ வெள்ளமோ ஓய்ந்ததும் எல்லோரும் கேட்பது, அரசு எவ்வளவு கொடுக்கும் என்பதைத்தான். எந்த இழப்புக்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒன்று. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய உள்துறை அமைச்சகம் 2022-23 முதல் 2025-26 வரைக்கும் விகிதங்களை நிர்ணயித்தது. கீழே வரும் தொகைகள் அந்த விகிதப்படியானவை. தமிழ்நாட்டுக்கான இந்த நிதியில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு. மாநில அரசு தன் பணத்திலிருந்து கூட்டியும் கொடுக்கலாம். உயிரிழப்புக்கு விகிதப்படி 4 லட்சம் ரூபாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தமிழ்நாடு அதை 5 லட்சமாக அறிவித்தது.

ஆனால் உங்கள் குடும்பத்துக்கு எந்தத் தொகை வரும் என்பது கிராம நிர்வாக அலுவலர் எடுக்கும் கணக்கைப் பொறுத்தது. அதில் ஒரு சொல் மாறினால் லட்சம் ரூபாய் போய்விடும்.

வீட்டை எடுத்துக்கொள்வோம். முழுக்க இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. கான்கிரீட் வீடானாலும் மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த கச்சா வீடானாலும் இதே தொகைதான். குடிசை என்று எழுதிவிட்டால் கிடைப்பது 8,000 மட்டும். விதியில் குடிசை என்பது கச்சா வீட்டைவிடத் தரம் குறைந்த தற்காலிக அமைப்பு: கீற்று, மண், பிளாஸ்டிக் விரிப்பு போன்றவற்றால் ஆனது. ஊர் வழக்கிலோ மண்சுவர் வீடு எல்லாமே குடிசைதான். வீட்டுக்காரரே வாய்தவறி "குடிசை சார்" என்று சொல்லிவிடுவார்; அதுவே பதிவாகிவிடும். நிலைச்சுவர், கதவு நிலை, ஓட்டுக்கூரை இருந்த வீடு என்றால் அதைச் சொல்லிக் கச்சா வீடு என்று எழுதச் சொல்லுங்கள். விழுந்த சுவரையும் ஓடுகளையும் அப்புறப்படுத்துவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். குறைந்தது ஒரு படத்தில் பக்கத்து வீடோ மின்கம்பமோ தெரியட்டும். இடத்தைப் பற்றிய தகராறு வராது.

பாதி இடிந்த வீடு என்றால் 15 சதவீதமாவது சேதம் இருக்க வேண்டும்: பக்கா வீட்டுக்கு (கான்கிரீட் போன்ற உறுதியான வீடு) 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகைக்கு 3,000. ஊறிய மண்சுவர் மழை நின்று வெயில் அடித்த பிறகு விழுவதும் உண்டு. அதற்குள் கணக்கெடுப்பு முடிந்திருக்கும். அப்படியானால் மறு ஆய்வு கேட்டு வட்டாட்சியருக்கு உடனே எழுத்தில் மனு கொடுங்கள். அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அரசு அலுவலர் சான்றளிக்க வேண்டும் என்பதும் விதி. அதனால் வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, பட்டா ஆகியவற்றின் படங்களை மழைக்காலத்துக்கு முன்பே கைபேசியில் சேமித்து வையுங்கள்.

வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால், வீடு இடியாவிட்டாலும் துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 உண்டு. இதைப் பலர் கேட்பதே இல்லை. தண்ணீர் நின்ற தேதிகளைக் குறித்து வையுங்கள்.

பயிருக்குக் குறைந்தது 33 சதவீதம் சேதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு பைசா கிடையாது. பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 (ஏக்கருக்கு ஏறக்குறைய 6,880), மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உச்சவரம்பு 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர். பூக்கும் பருவத்தில் மூழ்கிய நெல் வரப்பிலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். கதிரைப் பிரித்தால் பதர். அதனால் வருவாய்த் துறையினரும் வேளாண் துறையினரும் வரும்போது வயலுக்குள் இறக்கி, சில கதிர்களைப் பிரித்துக் காட்டுங்கள். வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்திருந்தால் சிறு, குறு விவசாயிகளுக்கு அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 தனியாக உண்டு.

குத்தகைதாரர்களுக்குத்தான் இதில் பெரிய அநியாயம் நடக்கிறது. பயிர் செய்தவர் ஒருவர், பணம் போவது பட்டாதாரரின் கணக்குக்கு. விதைத்த கையோடு அடங்கலில் (கிராமத்தின் சாகுபடிப் பதிவேடு) சாகுபடியாளராக உங்கள் பெயரைப் பதியச் சொல்லுங்கள். நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தையும் வாங்கி வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். பயிர்க் காப்பீடு வேறு, நிவாரணம் வேறு. ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

பசு, எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய். கறவை மாடு மூன்று வரை அல்லது ஆடு முப்பது வரை, கோழிக்குக் குடும்பத்துக்கு 10,000 வரை. நாற்றம் தாங்காமல் உடனே புதைத்துவிடுவதால்தான் இந்தப் பணம் போகிறது. கால்நடை உதவி மருத்துவர் பார்த்துச் சான்று தரும் வரை புதைக்காதீர்கள். அவர் வரமுடியாத நிலை என்றால் காதுவில்லை எண் தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லிவிட்டுப் புதையுங்கள். உயிரிழப்பிலும் இதே சிக்கல் உண்டு. காவல் நிலையப் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் இறப்புக்குக் காரணம் வெள்ளம்தான் என்று நிரூபிப்பது மிகக் கடினம். துயரத்தின் நடுவே இதைச் சொல்வது வேதனைதான், ஆனாலும் அக்கம்பக்கத்தார் யாராவது இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சேதத்தை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 எண்ணிலும், மாநில அறைக்கு 1070 எண்ணிலும் தெரிவிக்கலாம். பயனாளிப் பட்டியலில் பெயர் விடுபட்டால் முதலில் வட்டாட்சியர், பிறகு கோட்டாட்சியர், அதன்பின் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை எண் வாங்குங்கள்.

கணக்கெடுப்பு ஊரோடு நின்று, காலனிக்கோ கடலோரக் குப்பத்துக்கோ வராமல் போனால், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 61-ஆம் பிரிவை மனுவில் குறிப்பிடுங்கள். நிவாரணத்தில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது அது. விதவைகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்பது அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு. இந்த மனுவைத் தனித்தனியாகக் கொடுப்பதைவிட, விடுபட்ட வீடுகளின் கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், சேத வகை மூன்றையும் ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மறு கணக்கெடுப்பு கேட்பது எளிது.