வேலூர் வெயில் வேறு, வேளச்சேரி வெயில் வேறு

போன ஏப்ரல் கடைசியில் வேளச்சேரியில் ஒரு மொட்டைமாடிக்குப் போயிருந்தேன். நாற்பது க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை), அதில் பதினாறில் தக்காளி. இடுப்பு உயரம், கரும்பச்சை இலை, கிளைக்குக் கிளை பூ. காய் மட்டும் ஒன்றுகூட இல்லை. தளம் முழுக்க மஞ்சள் பூ உதிர்ந்து கிடந்தது. வீட்டுக்கார அம்மா உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். மூன்று டானிக், இரண்டு நுண்ணூட்டப் பாக்கெட், பாதி தீர்ந்த பஞ்சகவ்யா.

"தம்பி, எல்லாம் போட்டாச்சு. இன்னும் என்னதான் போடணும்?"

"ஒண்ணும் போட வேண்டாம்மா. உங்க ஊர்ல ராத்திரி சூடு குறையல, அவ்வளவுதான்."

தக்காளிக்குப் பகல் சூட்டைவிட இரவுச் சூடுதான் பெரிய சிக்கல். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் நின்றாலே காய்ப்பிடிப்பு குறையும். பகலில் 35-ஐத் தாண்டினால் மகரந்தம் செத்துப்போகும். சென்னையில் மே மாத இரவுகள் 27, 28 டிகிரியில் நிற்கின்றன. பூ பூக்கும், உதிரும். எந்த டானிக்காலும் இரவைக் குளிர்விக்க முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைப் பக்கம் கோடையிலும் தக்காளி காய்க்கிறது என்றால், அந்த மேட்டுநிலத்தில் இரவு இறங்கும் குளிர்தான் காரணம். அந்த அம்மா பார்த்துப் பின்பற்றியதோ கோயம்புத்தூர் மாடித்தோட்ட வீடியோ ஒன்றை.

பதினைந்து வருடமாக வீட்டுத்தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோடையில் வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்: ஓர் ஊரின் யோசனையை இன்னோர் ஊரில் செய்து பார்த்தது. 'வெயில் காலம்' என்று நாம் ஒரே பெயர் வைத்துவிட்டோம். வேலூரில் அது காய்ந்த சூடு, சென்னைக் கடலோரத்தில் வேர்க்கும் சூடு, ஊட்டியில் அது சூடே இல்லை.

அதே மாடியில் இன்னொரு மூலையில் கத்தரி வாடி நின்றது. "மதியம் துவண்டு போகுது, பாவமா இருக்கு, அதான் மூணு வேளையும் ஊத்துறேன்" என்றார். க்ரோ பேக்குக்குள் விரலை விட்டேன். சேறு. செடியைச் சாய்த்து வேரைப் பார்த்தால் பழுப்பாகி, தொட்டதும் தோல் உரிந்து வந்தது. தண்ணீர் ஊற்றியே கொன்றிருக்கிறோம். கத்தரி, பூசணி, சுரை போன்ற அகல இலைச் செடிகள் உச்சிவெயிலில் துவளத்தான் செய்யும். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் அதிகம், அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் செடிக்குத் தாகம் இல்லை. காலை ஆறு மணிக்கும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் குவளையை எடுப்பதற்கு முன்னால் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், ஈரமாக இருந்தால் வேர் அழுகல்.

வேலூரில் கதை நேர் எதிர். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தினமும் மாலை தவறாமல் செடிக்கு ஒரு குவளை ஊற்றுவார். பைக்கு அடியில் தண்ணீர் வடிவதையும் பார்த்துத் திருப்திப்படுவார். ஆனால் வெண்டை காய்ந்துகொண்டே போனது. ஒரு பையைக் கவிழ்த்து உடைத்துப் பார்த்தோம். நடுவில் தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை, தூசு பறக்கிற அளவு காய்ந்திருந்தது. பையில் நிரப்பியிருந்த தென்னை நார்க்கழிவு ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் சுலபத்தில் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியதெல்லாம் பையின் ஓரமாக வழிந்து ஓடியிருக்கிறது. இப்படி ஆகிவிட்ட பையை ஒரு டப்பில் தண்ணீர் வைத்து அரைமணி நேரம் உட்கார வைத்தால் மறுபடி ஊறிவிடும். அப்புறம் மேலே மூன்று அங்குலம் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்குப் போட வேண்டும். வேலூரில் மூடாக்கு இல்லாமல் கோடையைத் தாண்டுவது கஷ்டம். சென்னையிலும் போடலாம், தண்டை ஒட்டி மட்டும் போடக் கூடாது. அந்தப் புழுக்கத்தில் தண்டு அழுகும்.

ஒரு விஷயத்தில் எல்லா ஊருக்கும் ஒரே பதில்தான். அதை நான் கற்றது என் சொந்தச் செலவில். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மே மாத மதியம் மூன்று மணிக்கு எண்பது மிளகாய் நாற்றுக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்தேன். பைப் காலையிலிருந்து வெயிலில் கிடந்தது. முதலில் வந்தது வெந்நீர். கையில் பட்டபோதே நிறுத்தியிருக்க வேண்டும், சட்டென்று உறைக்கவில்லை. மறுநாள் முதல் இரண்டு வரிசை வெந்த கீரை மாதிரிப் படுத்திருந்தது. மாடித் தொட்டித் தண்ணீர் மாலை ஆறு மணிக்கும் சூடாகத்தான் இருக்கும். அதனால் கோடையில் விடிகாலைப் பாசனம்தான். சாயங்காலமும் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள்.

சென்னையில் இன்னொரு தொல்லை, போர் தண்ணீரின் உப்பு. கோடையில் நிலத்தடி நீர் இறங்க இறங்க உப்பு ஏறும். இலை நுனி கருகுவதும் பையின் விளிம்பில் வெள்ளை பூப்பதும் அதற்கான அடையாளம். இதைச் சத்துக் குறைபாடு என்று நினைத்து உரம் போட்டால் உப்போடு உப்பு சேரும். சுத்திகரிப்பு மெஷின் கழிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் மாதிரித் தெரியும். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் அதுவும் உப்பைத்தான் கூட்டும். அதில் வீட்டைத் துடையுங்கள்.

சரி, என்னதான் போடலாம்? சமவெளியில் வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி. இவை சூட்டைப் பொறுக்கும் என்பதைவிட, சூட்டை விரும்பும் என்றே சொல்லலாம். வேலூர், திருச்சி மாதிரி காய்ந்த ஊர்களில் வெண்டை இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் வரும். வாரம் இரண்டு முறை காலையில் இலைக்கு அடியில் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பெருமளவு அடங்கும். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் மாலையில் மட்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பீர்க்கு, சுரை, பாகல் போட்டவர்கள், வெறும் ஆண் பூவாக வருகிறதே என்று கேட்பார்கள். நீண்ட பகலும் சூடும் ஆண் பூவைத்தான் கூட்டும், பொறுத்திருங்கள். பெண் பூ வந்த பிறகும் காய் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுகிறது என்றால் நேரத்தைப் பாருங்கள். பாகலும் பூசணியும் காலையில் மலரும், சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும். காலையில் போய்ச் சுரைப்பூவில் மகரந்தம் தடவுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்நேரம் பூ முடிந்த கதை.

மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஏப்ரல் பகல்கூட 22, 23 டிகிரிதான். கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் அங்கே கோடையில் தாராளமாக வரும். அங்கே செடிக்கு எதிரி கோடை மழையும் பனிமூட்டமும். இலை நனைந்தே கிடந்தால் உருளைக்கும் தக்காளிக்கும் கருகல் நோய் வந்து நான்கைந்து நாளில் செடியை முடித்துவிடும். குன்னூரில் ஒரு வீட்டில், சென்னை உறவினர் சொன்னாரென்று பச்சை நிழல்வலை கட்டியிருந்தார்கள். இருக்கிற கொஞ்ச வெயிலையும் மறைத்து, செடி வெளிறி நீண்டிருந்தது. வலையைப் பிரித்துவிட்டு, மழை படாமல் தக்காளிக்கு மேலே மட்டும் கண்ணாடிப் பாலித்தீன் கட்டச் சொன்னேன்.

பழச்செடிகளைப் பற்றிக் கொஞ்சம். கோடையில் புதுக்கன்று நடாதீர்கள், எந்த நர்சரியில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். டிரம்மில் இருக்கும் எலுமிச்சையும் மாதுளையும் காய் வெடிக்கின்றன என்றால், நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றியிருப்பீர்கள். கொஞ்சமாக, ஒரே சீராக ஊற்ற வேண்டும். பப்பாளியில் மாவுப்பூச்சியைப் பார்த்ததும் கடைக்கு ஓடிப் பூச்சிமருந்து வாங்க வேண்டாம். 2008-ல் கோவைப் பக்கம் இந்தப் பூச்சி முதலில் தலைகாட்டியபோது மருந்து அடித்து ஓய்ந்தவர்கள் ஏராளம். 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

சமவெளி மாடிகளுக்கு நிழல்வலை தேவைதான். காய்கறிக்கு வெயிலில் 50 சதவீதத்தை மறைக்கும் வலை போதும், 75 வாங்கினால் பூவே குறையும். தலைக்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள், பக்கவாட்டை மறைக்காதீர்கள். சென்னையில் மதியத்துக்கு மேல் வருகிற கடல்காற்று செடிக்கும் வேண்டும்.

வேளச்சேரி அம்மாவிடம் தக்காளியைப் பிடுங்கிவிட்டுக் கொத்தவரை விதைக்கச் சொன்னேன். தக்காளி நாற்றைக் கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்ததும் நட்டால் மாசிக்குள் பறிக்கலாம். அவருக்கு மனசே இல்லை. பதினாறில் பதினான்கைத்தான் பிடுங்க விட்டார். ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் கூப்பிட்டார், இடிமழையில் வலை தண்ணீர் கோத்துத் தொங்குகிறது என்று. கழற்றிவிடுங்கள் என்றேன். கோவையில் இருப்பவர்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுப்பதற்கு முன்னால், வைகாசியிலேயே கழற்றிவிடுவது நல்லது. வேலூர் சார் மட்டும் ஆடி வரை கட்டியே வைத்திருந்தார்.