பிட் பெருத்தால் வேகம் குறையணும்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் சாமி மேடைக்குக் கதவு செய்துகொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மரத்தைச் சீவி வடிவம் எடுக்கும் ரௌட்டர் இயந்திரத்துக்கு வாங்கியிருந்த புது பிட்டை, அதாவது அதில் மாட்டிச் சுற்றும் வெட்டு முனையை, அவரிடம் காட்டினேன். "என்ன தம்பி இது, காத்தாடி மாதிரி இருக்கு?" என்றார். குறுக்களவு மூன்றரை அங்குலம், அதாவது 89 மில்லிமீட்டர்.

சட்டத்துக்குள் உட்காரும் பலகையின் நான்கு ஓரத்தையும் இது சரிவாகச் சீவும். நடுப்பகுதி மேடாக நிற்கும். மெலிந்த ஓரம் சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், நுழையும். காடியில் பசை போட்டுவிடாதீர்கள். ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இறுக்கிப் பிடித்தால் பலகை வெடிக்கும், இல்லையென்றால் சட்டம் பிளக்கும்.

இப்போது வேகத்துக்கு வருவோம். பல ரௌட்டர்கள் நிமிடத்துக்கு 22,000 சுற்றுக்கு மேல் சுற்றும். 12 மில்லிமீட்டர் பிட் என்றால் அதன் பல்நுனி மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டரில் ஓடும், பயமில்லை. 89 மில்லிமீட்டர் பிட்டின் நுனியோ ஒரு சுற்றுக்கே 28 சென்டிமீட்டர் கடக்கிறது. 22,000 சுற்றுக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 370 கிலோமீட்டர்! வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110ஐத் தாண்டினாலே நமக்குச் சம்மன் வந்துவிடுகிறது.

அதைவிட மோசம், பல்லை வெளியே பிய்த்தெறியப் பார்க்கும் விசை. சுற்று இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். 10,000 சுற்றில் இருப்பதைப்போல 22,000இல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதனால்தான் இந்த அளவு பிட்டுக்கு 10,000, மிஞ்சினால் 12,000 என்பார்கள். பிட்டோடு வரும் தாளில் இன்னும் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

பிட்டின் தண்டு, அதாவது ரௌட்டருக்குள் மாட்டும் பகுதி, அரை அங்குலம் இருக்கணும். கால் அங்குலத் தண்டைவிட அது வளைவை 16 மடங்கு தாங்கும். ரௌட்டரைக் கையில் பிடித்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. மேசைக்கடியில் மாட்டி, தடுப்புப் பலகை வைத்து, பிட் சுற்றும் திசைக்கு எதிராக மரத்தைத் தள்ள வேண்டும்.

ஒரே ஓட்டில் முழு ஆழத்தையும் எடுக்க நினைக்காதீர்கள். மூன்று நான்கு ஓட்டாகப் பிரியுங்கள். இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "பட்டையும் அப்படித்தான் தம்பி, மெலிசா சீவணும். ஆழமா போட்டா மரத்துக்குக் காயம், அப்புறம் கங்காணிகிட்ட நமக்கு!" என்றார். நான் சீவிக்கொண்டிருந்ததும் பால்மரப் பலகைதான். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரங்கள் ஒரு காலத்தில் விறகாகப் போயின. இப்போது மேசை நாற்காலியாகின்றன.

முதலில் நாருக்குக் குறுக்கே இருக்கும் இரண்டு ஓரங்களைச் சீவுங்கள். அங்கே மூலை சிதைந்தாலும், அடுத்து நீளவாக்கில் சீவும்போது அந்தச் சிதைவு போய்விடும்.

வேகத்தைக் குறைக்க வழியில்லாத ரௌட்டர்தான் கையில் இருக்கிறதா? நின்றவாக்கில் வெட்டும் பிட் கிடைக்கிறது, குறுக்களவு ஒன்றரை அங்குலம்தான். உயரமான தடுப்பு ஒன்றை அடித்து, பலகையை நிமிர்த்தி அதில் அணைத்து ஓட்டலாம்.