வேகவைத்த முட்டையை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள்: ஒரு கண் மருத்துவரின் வேண்டுகோள்

போன வாரம் ஒரு பதினோரு வயதுப் பெண் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தாள். கன்னத்தில் மஞ்சள் கரு ஒட்டிக் காய்ந்திருந்தது. புருவ முடியிலும் காதோரத்திலும் துணுக்குகள். ஈரத் துண்டோடு கூட வந்த அம்மா, உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "ஓடு உரிச்சுட்டுத்தான் டாக்டர் வெச்சேன்."

இதே வாக்கியத்தை இந்த ஆண்டு மட்டும் நான் கேட்பது நான்காவது முறை. சொல்கிற ஆள்தான் மாறுகிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் வேகவைத்த முட்டை ஃப்ரிட்ஜில் இருந்தது. சில்லென்று இருக்கிறதே என்று அம்மா ஓட்டை உரித்து, கிண்ணத்தில் போட்டு, முழுச் சூட்டில் ஒரு நிமிடம் வைத்தார். மைக்ரோவேவுக்குள் ஒன்றும் ஆகவில்லை. எடுத்து மேசையில் வைத்தார். மகள் குனிந்து முள்கரண்டியால் குத்தினாள். டப்பென்று ஒரு சத்தம். அடுத்த அறையில் இருந்த அப்பா ஏதோ பல்பு வெடித்துவிட்டது என்று நினைத்தாராம்.

ஓட்டோடு முட்டையை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்பது இன்று பலருக்கும் தெரிந்திருக்கிறது, நல்லது. ஆனால் அதிலிருந்து தவறான ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: வெடிக்கக் காரணம் ஓடு, ஓட்டை எடுத்துவிட்டால் ஆவி தாராளமாக வெளியே போய்விடும், ஆபத்தும் போய்விடும் என்று. இல்லை. ஆபத்து ஓட்டில் இல்லை, மஞ்சள் கருவில் இருக்கிறது.

கெட்டியாக வெந்த மஞ்சள் கருவை விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவு மாதிரி பொலபொலவென்று உதிரும். பார்க்க வறண்டது போல இருந்தாலும் அதில் பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் மிகச் சிறு துளிகளாக, புரதத்துக்கும் கொழுப்புக்கும் நடுவே அங்கங்கே சிறைப்பட்டிருக்கிறது. மைக்ரோவேவ் அந்தத் துளிகளை நேராகச் சூடாக்குகிறது. பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துக் குமிழிவிடும். முட்டைக்குள் மாட்டிக்கொண்ட துளிக்குக் குமிழிவிட இடம் ஏது? அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமலே காத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் வெந்து இறுகிய வெள்ளைக் கரு ஒரு பை மாதிரி மூடியிருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் சாதுவான ஒரு முட்டை. முள்கரண்டியோ பல்லோ பட்டு எங்காவது ஒரு துளி கொதித்தால் போதும், பக்கத்தில் உள்ள துளிகளும் அதே நொடியில் ஆவியாகிவிடும். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். முட்டைக்குள் அந்த இடம் இல்லை.

"உள்ளே வெடிக்கலையே டாக்டர், வெளியே எடுத்த அப்புறம் எப்படி?" என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். உள்ளே வெடித்திருந்தால் கதவை மூடிவைத்துத் துடைக்க வேண்டியதோடு முடிந்திருக்கும். வெளியே வந்த பிறகு வெடிப்பதுதான் என்னிடம் வருகிறது, ஏனென்றால் அப்போது முட்டைக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை.

2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் கூட்டத்தில் இதைப் பற்றி ஓர் ஆய்வை முன்வைத்தார்கள். சூடாக்கிய முட்டை வாயில் வெடித்துக் காது பாதிக்கப்பட்டது என்று ஒருவர் தொடுத்த வழக்கிலிருந்து பிறந்த ஆய்வு அது. ஏறக்குறைய நூறு முட்டைகளைத் தண்ணீரில் போட்டு மைக்ரோவேவில் சூடாக்கி, வெளியே எடுத்துக் குத்திப் பார்த்தார்கள். சுமார் 30 சதவீதம் வெடித்தன. ஓரடி தூரத்தில் அளந்த சத்தம் 86 முதல் 133 டெசிபல் வரை. மஞ்சள் கருவின் சூடு, சுற்றியிருந்த தண்ணீரின் சூட்டைவிட அதிகமாக இருந்தது. தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் பயமில்லை என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 30 சதவீதத்தை நான் இன்னொரு விதமாகவும் பார்க்கிறேன். பத்தில் ஏழு வெடிக்கவில்லை. அதனால்தான் "நாங்க எட்டு வருஷமா இப்படித்தான் பண்றோம், ஒண்ணும் ஆனதில்லை" என்கிறார்கள். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு முட்டையும் அடுத்த முட்டைக்குத் தைரியம் கொடுக்கிறது. எது வெடிக்கும், எது வெடிக்காது என்று வெளியில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. ஊசியால் ஒரு துளை போட்டேன் என்று ஒருவர் சொன்னார். அந்தத் துளை வெள்ளைக் கருவோடு நின்றுவிட்டது. ஒரு நிமிடம் ஆறவைத்தேன் என்றார் இன்னொருவர். வெள்ளைக் கருதான் ஆறியிருந்தது. தொட்டுப் பார்த்து இளஞ்சூடாக இருக்கிறது என்று நம்பி நேராக வாயில் வைத்தார். அவரைப் பார்த்தது நான் இல்லை, பல் மருத்துவமும் தீக்காயமும் பார்க்கும் சக மருத்துவர்கள். அண்ணமும் நாக்கும் வெந்துபோயிருந்தன.

அந்தப் பெண்ணிடம் திரும்புகிறேன். கண்ணைத் திறக்கவே விடவில்லை. மரத்துப்போகும் சொட்டு ஒன்றை விட்டு அரை நிமிடம் காத்திருந்ததும் தானாகத் திறந்தாள். கீழ் இமையில் கொப்புளம். மேல் இமையைப் புரட்டினால் அங்கே அரிசிக் குருணை அளவுக்கு ஒரு மஞ்சள் கருத் துணுக்கு. அது அங்கே இருந்தபடி, அவள் கண் சிமிட்டிய ஒவ்வொரு தடவையும் கருவிழியைத் தேய்த்திருக்கிறது. சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பாதி பச்சையாக ஒளிர்ந்தது. ஒளிர்ந்த இடமெல்லாம் மேல்தோல் வெந்து உரிந்த இடம். நல்லவேளையாக, இமை சட்டென்று மூடிக்கொண்டதால் ஆழம் அதிகமில்லை. வெடித்த வேகத்தில் ஓட்டுத் துண்டு பாய்ந்து கருவிழியே கிழிந்த நேர்வுகளும் உண்டு. அடிபட்ட வேகத்தில் கண்ணுக்குள் ரத்தம் தேங்கலாம், சில மாதம் கழித்துக் கண்புரை வரலாம்.

மரத்துப்போகும் சொட்டு விட்டதும் வலி மாயமாக மறைந்துவிடும். உடனே "இதையே வீட்டுக்கு எழுதிக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். கொடுக்க மாட்டோம், கேட்காதீர்கள். பரிசோதனைக்கு ஒன்றிரண்டு சொட்டுதான் அதன் வேலை. வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறவே ஆறாது, அழுகிக்கூடப் போகும்.

அதைவிட எனக்கு ஆத்திரம் வருவது, கண்ணில் எதையாவது ஊற்றிக்கொண்டு வரும்போது. பால், நெய், தேன், தீக்காயத்துக்கு நல்லது என்று பச்சை முட்டையின் வெள்ளைக் கரு. பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். தோல் உரிந்த கண்ணில் அதைப் பூசுவது காயத்துக்குள் கிருமியை விதைப்பதற்குச் சமம். வீட்டில் யாருக்கோ கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுத்து மிஞ்சிப்போன சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கிருமித் தொற்று வேகமாகப் பரவும்.

வேண்டியது தண்ணீர் மட்டும். குழாயைத் திறந்து, சுத்தமான, சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணீரில் முகத்தையும் கண்ணையும் இருபது நிமிடம் கழுவுங்கள். ஐஸ் வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் எளிதாக வந்தால் எடுத்துவிடுங்கள். தேய்க்காதீர்கள், குழந்தையையும் தேய்க்க விடாதீர்கள். ஏதாவது குத்தி நிற்பது போலவோ கண்ணிலிருந்து ரத்தம் வருவது போலவோ தெரிந்தால் கழுவக் கூட வேண்டாம். அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையை மேலே கவிழ்த்துப் பிடித்தபடி நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். வலி குறைந்துவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயது வரை பார்வை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வயதில் கருவிழியில் தழும்பு விழுந்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே கற்றுக்கொள்ளாமல் போகலாம்.

முட்டை விஷயத்தில் இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன், இவையும் என் மேசைக்கு வந்தவைதான். வேகவைத்த முட்டையை முழுசாக எண்ணெயில் போட்டு வறுக்கிறவர்கள், கத்தியால் நாலு இடத்தில் ஆழமாகக் கீறிவிட்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். வாணலிக்கு மேல் குனிந்து பார்க்காதீர்கள். அப்புறம், பச்சை முட்டையைக் கோப்பையில் உடைத்து மைக்ரோவேவில் வேகவைப்பவர்கள் மஞ்சள் கருவை முழுசாக விடவே கூடாது. நன்றாக அடித்துக் கலக்குங்கள். கலக்கிய முட்டையில் அடைபட்ட பை எதுவும் இல்லை. அதையும் நடுவில் ஒருமுறை நிறுத்திக் கிளறிவிடுங்கள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் மறுபடி வந்தாள். பச்சையாக ஒளிர்ந்த இடம் கடுகளவாகச் சுருங்கியிருந்தது. தழும்பு விழாது என்று சொன்னபோது அம்மா அழுதுவிட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "இனிமே இவளுக்கு முட்டையே குடுக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

தாராளமாகக் கொடுங்கள் என்றேன். ஃப்ரிட்ஜில் இருக்கும் வேகவைத்த முட்டையைச் சூடாக்க வேண்டுமென்றால், தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, முட்டையை அதில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அவ்வளவு நேரம் இருந்தால் புதுசாகவே ஒன்றை வேகவைத்துவிடலாம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கெட்டியாக வெந்துவிடும். அந்தப் பெண் குறுக்கிட்டு, தனியாக இருக்கும்போது அடுப்பைத் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களே, அப்போது என்ன செய்வது என்றாள். அப்படியானால் உரித்து, நாலாக வெட்டி, உப்பும் மிளகும் தூவி, சில்லென்றே சாப்பிடு என்று சொல்லி அனுப்பினேன்.