பழுது பார்த்த பிறகு வரும் பழுது

கிளட்ச் மாற்றக் கொடுத்த கார் திரும்பி வருகிறது. கிளட்ச் அருமை. ஆனால் சிக்னலில் நின்றால் இன்ஜின் உதறுகிறது. "கிளட்சுக்கும் இதற்கும் என்ன சார் சம்பந்தம்?" என்கிறார் மெக்கானிக். கிளட்சுக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் அதை எட்டுவதற்காகக் கழற்றிய பேட்டரிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்கும், எர்த் வயருக்கும், கனெக்டர்களுக்கும் இருக்கலாம். புதிதாகப் போட்ட பாகத்தைவிட, வழியில் இடைஞ்சலாக இருந்ததென்று கழற்றி மாட்டியவற்றைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

அதிலும் காற்று போகும் பாதையை. பெட்ரோல் சரியாக எரிய, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பல கார்களில் ஏர் ஃபில்டருக்கு அடுத்து ஒரு சென்சார், உள்ளே போகும் காற்றை அளந்து சொல்கிறது. இன்ஜினின் கணினி அதை நம்பித்தான் பெட்ரோல் பீய்ச்சுகிறது. த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் தட்டு) அப்பால், இன்ஜின் பக்கம், ஒரு சிறிய வாக்குவம் ஹோஸை (இன்ஜின் காற்றை இழுக்கும் விசை செல்லும் மெல்லிய குழாய்) மாட்ட மறந்துவிட்டால், சென்சாரின் கணக்கில் வராத காற்று அந்த ஓட்டை வழியாக நுழைந்துவிடும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, இன்ஜின் திணறும்.

ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அப்போது மேனிஃபோல்டுக்குள் (த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் ஓட்டை வழியாகக் காற்று வேகமாக இழுபடும். இன்ஜினுக்கு அந்நேரம் தேவைப்படுவதே கொஞ்சம் காற்று என்பதால், அந்தக் கசிவு பெரிய பங்காகிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஓட்டும்போது அதே கசிவு பொருட்டே இல்லை. நின்றால் உதறல், ஓடினால் சரி என்றால் பெரும்பாலும் இதுதான். காற்றை அளக்காமல் மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் பார்க்கும் கார்களில் உதறலுக்குப் பதில் ஐட்லிங் வேகம் ஏறி நிற்கும்.

காரின் கணினி சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தத் திருத்தத்தைச் சதவீதமாக ஸ்கேனர் காட்டும்; பெட்ரோலைக் கூட்டினால் +, குறைத்தால் -. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நலம். ஐட்லிங்கில் +20 காட்டி, இன்ஜினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்தால் +3-க்கு இறங்கினால் கசிவு. மாறாக, வேகம் கூடக் கூடத் திருத்தமும் ஏறினால் ஃபில்டர், பம்ப் என்று பெட்ரோல் வரும் பக்கம் போய்ப் பாருங்கள். காற்றுச் சென்சாரில் அழுக்குப் படிந்திருந்தாலும் இப்படிக் காட்டலாம்.

சரி, கசிவே இல்லை, த்ராட்டிலைச் சுத்தம் செய்ததிலிருந்து ஐட்லிங் எகிறுகிறதே? கரி படிந்த த்ராட்டிலுக்குப் பழகிய கணினி அதை அந்த அளவுக்குத் திறந்து வைக்கப் பழகியிருக்கும். கரி போனதும் அதே திறப்பில் கூடுதல் காற்று நுழையும். சில கார்கள் ஓட்ட ஓட்டத் தானே சரிசெய்துகொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் இந்தப் பழக்கம் அழிந்துபோகலாம்.

பிளக் மாற்றிய பின் இன்ஜின் மிஸ் அடித்தால், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போனால், கதை வேறு. நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் பொறி 1-3-4-2 என்ற வரிசையில் விழும். இரண்டு வயர்கள் இடம் மாறினால் போதும், அந்த இரண்டு சிலிண்டரும் படுத்துவிடும். சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி காயில் (பிளக்குக்குப் பொறிக்கான மின்சாரம் தரும் பாகம்) உள்ள காரில், ஸ்கேனரில் பி0302 (2-ஆம் சிலிண்டர் மிஸ்) என்ற பிழைக் குறியீடு வந்தால் 2-ஆம் சிலிண்டரின் காயிலை 3-க்கு மாற்றிப் பாருங்கள். குறியீடு பி0303 என்று மாறினால் காயில் போச்சு. 2-லேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர் பக்கம் தேடலாம். இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம்: எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழற்சியோடு வால்வுகள் திறக்கும் நேரத்தை இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பிறகு இழுவை குறைந்தால் அலட்சியம் கூடாது. கிராங்க் பல்சக்கரத்தில் 20 பற்கள் என்றால், பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்தாலே 18 டிகிரி பிசகு. வால்வுகள் நேரம் தவறித் திறக்கும். பல பற்கள் தள்ளினால் சில இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். அதனால்தான் பெல்ட் மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பல்சக்கரங்களில் உள்ள குறிகள் சேர்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மெக்கானிக்கைக் குறை சொல்லவும் முடியாது. வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் கொக்கி கழற்றும்போதே ஒடியும். கனெக்டர் மாட்டியதுபோல் இருக்கும், குலுங்கினால் விலகும். வண்டியைத் திரும்பக் கொண்டுபோகும்போது "சரியா ஓடலை" என்று மட்டும் சொல்லாமல், குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, நிற்கும்போதா, ஏற்றத்திலா என்று சொன்னால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.